செராடோ: தரைக்குக் கீழே இருக்கும் காடு

பிரேசிலில் காடழிப்பு என்றாலே நமக்கு அமேசான்தான் நினைவுக்கு வரும். அதற்குத் தெற்கிலும் கிழக்கிலும் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் செராடோ என்ற புல்வெளிக்காட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அதில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே மேய்ச்சல் நிலமாகவும் வயலாகவும் மாறிவிட்டது.

முறுக்கிக்கொண்டு வளர்ந்த குட்டை மரங்கள், தடித்த பட்டை, இடையிடையே புல். பார்த்தால் காடு என்று சொல்லத் தோன்றாது. ஆனால் சில மரங்களின் வேர் 10 மீட்டருக்கும் கீழே போகிறது. மாதக்கணக்கில் மழை இல்லாதபோதும் ஆழத்து நீரை உறிஞ்சி இலை வழியாகக் காற்றுக்கு அனுப்புவது அந்த வேர்தான். கார்பனும் மேலே இருப்பதைவிட மண்ணுக்குள்தான் அதிகம்.

1970கள் வரை இது உதவாத மண் என்று பெரும்பாலும் விட்டுவைத்திருந்தார்கள். அமிலம் மிகுந்த அந்த மண்ணில் கரைந்திருக்கும் அலுமினியம் பயிரின் வேர்நுனியை வளரவிடாது. 1973இல் தொடங்கிய எம்ப்ராபா என்ற அரசு ஆய்வு நிறுவனம் இதற்கு வழி கண்டது. ஹெக்டேருக்கு டன் கணக்கில் சுண்ணாம்புத்தூள் போட்டால் அமிலம் தணியும், அலுமினியமும் அடங்கும். அப்புறம் மணிச்சத்து உரம், வெப்பமண்டலத்துக்கு ஏற்ற சோயா ரகங்கள், மாடுகளுக்கு ஆப்பிரிக்காவின் பிராக்கியாரியா புல். வேளாண்மையில் பெரிய சாதனைதான், மறுக்க முடியாது.

நிலத்தைத் திருத்தும் விதத்தைப் பாருங்கள். இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கனத்த இரும்புச் சங்கிலியைக் கட்டி இழுத்துப் போவார்கள். மரங்கள் வேரோடு சாயும். காய்ந்ததும் தீ வைப்பார்கள். சாம்பல் சத்தில் புல் சில வருடம் செழிக்கும்; உரமிடாமல் மேய்த்துக்கொண்டே இருந்தால் மெலிந்துவிடும். அந்த நிலத்தைச் சோயா விவசாயி நல்ல விலைக்கு வாங்குகிறார். விற்றவர் அந்தப் பணத்தில் அமேசான் ஓரத்தில் இன்னும் பெரிய, மலிவான நிலத்தை வாங்கலாம். கணக்கில் பார்த்தால் சோயா பழைய மேய்ச்சல் நிலத்தில்தான் விளைகிறது. மரம் விழுவது வேறெங்கோ. அதனால்தான் மாடா, சோயாவா என்று பிரித்துக் குற்றம் சாட்டுவதில் அர்த்தமில்லை. சோயா அந்த மாடுகளுக்கான தீவனம் என்றும் நினைக்க வேண்டாம்; பிரேசில் மாடுகள் பெரும்பாலும் புல்தான் தின்கின்றன. சோயாப் புண்ணாக்கு கோழிக்கும் பன்றிக்கும் போகிறது, பெருமளவு சீனாவில்.

சோயா வயலில் நிற்பது மூன்று, நான்கு மாதம். வேரும் ஆழம் போகாது. வறட்சிக் காலத்தில் காற்றுக்கு ஈரம் அனுப்ப அங்கே எதுவும் இல்லை. சுற்றுவட்டாரம் சூடாகிறது, வறள்கிறது. பிரேசிலின் 12 பெரிய ஆற்றுப் படுகைகளில் 8 படுகைகளுக்குச் செராடோவிலிருந்து நீர் போகிறது என்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

சட்டமும் கைகொடுக்கவில்லை. அமேசான் காட்டில் நிலம் வைத்திருப்பவர் பொதுவாக 80 சதவீதத்தை விட்டுவைக்க வேண்டும். செராடோவின் பெரும்பகுதியில் 20 சதவீதம் போதும். காடழித்த நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று வியாபாரிகள் 2006இல் செய்துகொண்ட ஒப்பந்தமும் அமேசானுக்கு மட்டும்தான் இருந்தது. 2023இல் அமேசானில் சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் அழிந்தது, செராடோவில் சுமார் 11,000.

இத்தனைக்கும் புதிதாக ஒரு மரத்தைக்கூடச் சாய்க்கத் தேவையில்லை. மெலிந்துபோன மேய்ச்சல் நிலம் அவ்வளவு கிடக்கிறது. அதில் 4 கோடி ஹெக்டேரை மீட்கும் திட்டத்தை பிரேசில் அரசு 2023 கடைசியில் அறிவித்தது. சுண்ணாம்பும் உரமும் போட்டு அதை மீட்க ஆகும் செலவைவிடச் சங்கிலி இழுப்பது மலிவாக இருக்கும்வரை அந்தத் திட்டம் தடுமாறத்தான் செய்யும்.