புரியவில்லை என்று சொல்லும் இடம்

சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறதே, அதற்கு விதை விழுந்தது மயிலாப்பூர் வீடு ஒன்றில் நடந்த செமினாரில். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் 1957-58ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது அங்கே கேட்ட செமினார்கள் அவர் மனதைப் பிடித்துக்கொண்டன. ஊர் திரும்பியவர் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற குடும்ப வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டி, கோட்பாட்டு இயற்பியல் செமினார் நடத்த ஆரம்பித்தார். 1960 ஜனவரியில் இந்தியா வந்திருந்த டேனிஷ் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்தச் சின்னக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியிலும் பாராட்டிப் பேச, பேச்சு டில்லி வரை எட்டியது. 1962 ஜனவரி 3 அன்று நிறுவனம் தொடங்கியது. செமினார் முதலில், நிறுவனம் அப்புறம்.

அப்படி என்னதான் நடக்கிறது ஒரு செமினாரில்? வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஒருவர் கரும்பலகை முன் நின்று ஒரு மணி நேரம் எழுதுகிறார். இருபது பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பாதி வழியிலேயே பிடி நழுவிவிடும். கணிதம் அத்தனை கிளையாகப் பிரிந்து கிடக்கிறது, பக்கத்து அறைக்காரர் நிரூபித்த தேற்றத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துப் புரிந்துகொள்ளவே சில நாள் ஆகலாம்.

அப்படியானால் கட்டுரையை வாங்கிப் படித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அச்சான கட்டுரை இலையில் பரிமாறிய சாப்பாடு, அதில் அடுப்படி தெரியாது. எந்த உதாரணத்தை முதலில் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார், எந்த வழியில் போய் ஆறு மாதம் வீணானது, தேற்றத்தின் எந்த நிபந்தனை தேவையே இல்லை என்று அவருக்கே சந்தேகம் இருக்கிறது, இதெல்லாம் அச்சுக்குப் போகாது. வாய்வார்த்தையாகத்தான் வரும், அதுவும் யாராவது குறுக்கே கேட்டால்தான் வரும்.

குறுக்கே கேட்பதை ஒரு கலையாகவே ஆக்கியவர் சோவியத் கணிதர் இஸ்ரேல் கெல்ஃபான்ட். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1943ல் அவர் தொடங்கிய திங்கட்கிழமை மாலை செமினார், அவர் அமெரிக்கா போகும் வரை 45 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. குறித்த நேரத்தில் அது தொடங்கியதே அபூர்வம். அவர் வரும் வரை வாசலிலும் நடைவழியிலும் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், பாதி வேலை அங்கேயே நடந்துவிடும். பேராசிரியர்களோடு பள்ளி மாணவர்கள்கூட உட்கார்ந்திருப்பார்கள். பேச வந்தவர் இரண்டு வரி எழுதியதும் கெல்ஃபான்ட் நிறுத்துவார். “இதற்கு மிக எளிய உதாரணம் எது?” அப்புறம் கூட்டத்தில் ஒருவரை எழுப்பி, “உங்களுக்குப் புரிந்ததா?” என்பார். இப்படிச் சோதனைக்கு ஆளாகிறவருக்கு ரஷ்ய மொழியில் ஒரு பெயரே இருந்தது. புரியவில்லை என்று அவர் சொன்னால் பேச்சாளர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். புரிந்தது என்றால் அவரே பலகைக்கு வந்து விளக்க வேண்டும். அறிவித்த தலைப்பு எங்கோ போய்விடும். சில நாள் அறிவித்த பேச்சாளருக்கு வாய்ப்பே கிடைக்காமல் போவதும் உண்டு.

இதில் கொஞ்சம் கொடுமையும் உண்டு. பலகை முன் அவமானப்பட்டவர்கள் பலர். இன்று யாராவது அப்படியே செய்தால் அடுத்த வாரம் அறை காலியாக இருக்கும், அதில் தப்பும் இல்லை. ஆனால் உள்ளே இருந்த சூட்சுமம் சரியானது. பேச்சாளர் ‘எளிதில் தெரிகிறது’ என்று தாண்டுகிற இடம் சில சமயம் அவருக்கே சரியாகத் தெரியாத இடம். துறைக்கு வெளியே இருக்கிற ஒருவர் வெகுளியாக “ஏன்?” என்று கேட்டால்தான் அது வெளியே வரும். கெல்ஃபான்ட் அந்த வெகுளித்தனத்தைக் கட்டாயமாக்கினார், அவ்வளவுதான்.

அதற்காக, செமினாரில் தப்பு எல்லாம் பிடிபட்டுவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. முந்நூறு வருஷத்துக்கு மேல் யாருக்கும் மசியாத ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு ரகசியமாக நிரூபணம் தேடிவந்த கணிதர் ஆண்ட்ரூ வைல்ஸ், அதை வெளியே சொல்வதற்கு முன் 1993ல் பிரின்ஸ்டனில் ஒரு வகுப்பாக நடத்திப் பார்த்தார். விஷயம் தெரியாத மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் ரகசியம் தெரிந்த சக பேராசிரியர் நிக்கோலஸ் காட்ஸ் மட்டும் மிஞ்சினார். நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருந்தது, அது அப்போது அகப்படவில்லை. ஜூனில் கேம்பிரிட்ஜில் கைதட்டலோடு அறிவித்தபோதும் அகப்படவில்லை. அப்புறம் அதே காட்ஸ், மதிப்பீட்டுக்காகக் கையெழுத்துப் பிரதியை வரிவரியாகப் படித்தபோதுதான் சிக்கியது. சரிபார்ப்பது தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை. கூட்டத்துக்கு வரும் வேலை வேறு, ஒருவர் தலையில் இருப்பதை இன்னொருவர் தலையில் இருப்பதோடு உரசிப் பார்ப்பது.

அந்த உரசல் பெரும்பாலும் டீ நேரத்தில் நடக்கிறது. 1972ல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துக்குப் போயிருந்த இளைஞர் ஹியூ மான்ட்கோமெரி, ரீமன் சீட்டா சார்பின் பூச்சியங்களை, அதாவது அந்தச் சார்பின் மதிப்பு பூச்சியமாகிற இடங்களை, ஆராய்ந்துகொண்டிருந்தார். பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பது அந்தப் பூச்சியங்களில் அடங்கியிருக்கிறது. அவை ஒன்றுக்கொன்று நெருங்காமல் விலகி நிற்பதாக அவருக்குப் பட்டது. எவ்வளவு விலகுகின்றன என்பதற்கு ஒரு சூத்திரமும் கையில் வைத்திருந்தார். டீ நேரத்தில் கணிதர் சர்வதமன் சௌலா, அந்தப் பக்கம் நின்ற இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனிடம் அறிமுகப்படுத்துகிறேன் என்றார். வேண்டாம் என்று தயங்கியவரை விடாமல் இழுத்துப் போனார். என்ன செய்கிறீர்கள் என்று டைசன் கேட்க, மான்ட்கோமெரி சூத்திரத்தைச் சொன்னார். டைசனுக்கு அது பழகிய முகம். யுரேனியம் மாதிரியான கனமான அணுக்கருக்களின் ஆற்றல் மட்டங்களைப் புரிந்துகொள்ள 1950களில் இயற்பியலாளர் யூஜீன் விக்னர் சமவாய்ப்பு அணிகளை, அதாவது தற்செயலாக எடுத்த எண்களால் நிரப்பிய கட்டங்களை, கொண்டுவந்திருந்தார். அப்படிப்பட்ட அணிகளில் ஒரு வகையின் ஐகன் மதிப்புகளும் (ஓர் அணியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சில எண்கள்) அச்சாக இதே சூத்திரப்படிதான் விலகி நிற்கின்றன.

பின்னாளில் கணிதர் ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோ கணினியில் கோடிக்கணக்கான பூச்சியங்களைக் கணக்கிட்டுப் பார்த்தார். பூச்சியங்களின் இடைவெளிக்கான வளைகோடும் அணிகளுக்கான வளைகோடும் வியக்கும்படி பொருந்தின. ஆனால் பகா எண்ணுக்கும் அணுக்கருவுக்கும் என்ன உறவு என்பது இன்னும் பிடிபடவில்லை, மான்ட்கோமெரியின் ஊகமும் இன்றுவரை முழுதாக நிரூபணமாகவில்லை. அதைப் பற்றி இன்றும் செமினார்களில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.