ஃபாலோ தவறிய பிறகு

கேரமில் ரெட் என்ற சிவப்புக் காயினைக் குழியில் போட்டுவிட்டால் மட்டும் அது நமதாகிவிடாது. அடுத்த அடியிலேயே நம் காயின் ஒன்றைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும். தவறினால் ரெட் மறுபடி நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் சாயங்கால ஆட்டம் பார்க்க நிற்கும்போது, ஃபாலோ தவறிய பையனின் முகத்தைத்தான் நான் கவனிப்பேன். சிலர் அத்தோடு கை தளர்ந்து வரிசையாகச் சொதப்புவார்கள். சிலர் போரிக் பவுடரை இன்னொரு சிட்டிகை தூவிவிட்டுத் தன் முறைக்குக் காத்திருப்பார்கள். (வடசென்னை என்றாலே எல்லோரும் குத்துச்சண்டையைத்தான் கேட்கிறார்கள். கேரம் போர்டை யாரும் கண்டுகொள்வதில்லை.)

இந்த இரண்டாவது ரகம் பிறக்கும்போதே அப்படியா?

1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலம். என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பல, பின்னால் தப்பிக்க வழி கிடைத்தபோதும் படுத்தே கிடந்தன. அவை கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டன என்றார்கள். ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பம் வந்தால் துவண்டு படுப்பதுதான் மூளையின் இயல்பு. ‘நான் செய்தால் இது மாறும்’ என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். எலிகளில் இதன் பாதையும் தெரிந்திருக்கிறது. தன் செயலால் அதிர்ச்சி நிற்பதை முன்மூளையின் ஒரு பகுதி கண்டுகொண்டால், மூளைத்தண்டில் துவளச் செய்யும், செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அது அடக்கிவிடுகிறது. ஒருமுறை இப்படிப் பழகிய எலி, பிறகு கட்டுப்படுத்தவே முடியாத துன்பம் வந்தாலும் எளிதில் துவள்வதில்லை.

இந்தப் பாடத்துக்குக் கேரம் போர்டு தோதான இடம். 15 கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கர். சுண்டிய ஓரிரு நொடியில் விடை தெரிந்துவிடும். எதிர்பார்த்த காயின் விழாதபோது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சட்டென்று சரியும். கசப்பான அந்தச் சரிவுதான் ‘கோணத்தை மாற்று’ என்ற தகவல். காற்றின் மேலும் மைதானத்தின் மேலும் பழி போட வழியில்லை. ஸ்ட்ரைக்கரே குழியில் விழுந்தால், போட்ட காயின் ஒன்றை எடுத்துத் திரும்ப வைக்க வேண்டியதுதான்.

இன்னொன்று: ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்துப் பழகிய எலி, தீனி நின்றதும் சீக்கிரம் கைவிடும். விட்டுவிட்டுத் தீனி கிடைத்த எலி நெடுநேரம் முயன்றுகொண்டிருக்கும். எப்போதும் ஜெயிக்கிற பிள்ளை முதல் தோல்வியிலேயே ஒதுங்குவதில் இதன் சாயல் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் சூதாடியை எழுந்திருக்க விடாமல் செய்வதும் இதே கணக்குத்தான். அங்கே அவன் கையில் எதுவும் இல்லை, இங்கே விரலில் இருக்கிறது. பெட் கட்டி ஆடும் போர்டில் அந்த வித்தியாசம் கொஞ்சம் மங்கிப்போகும்.

விளையாடினாலே குணம் வந்துவிடும் என்று பள்ளி ஆண்டுவிழாவில் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஜெயிப்பது ஒன்றையே பயிற்சியாளர் பெரிதாக்கும் இடத்தில், ஏமாற்றினால் என்ன தப்பு என்று கேட்கும் பிள்ளைகளும் வளர்கிறார்கள். போர்டில் வந்த பொறுமை கணக்குப் பரீட்சைக்குத் தானாகத் தாவிவிடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், எவ்வளவு தூரத்தில் காயினை வைக்கிறார்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா இந்த வடசென்னைக்காரர். அவருக்குப் போர்டைப் பழக்கியது ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பா.

போன வாரம் ஒரு அண்ணன் புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். குழிக்குப் பக்கத்தில் காயினை வைப்பார். விழுந்தால் ஒரு விரக்கடை தள்ளி வைப்பார். ஐந்தாவது இடத்தில் பையன் நாலு முறை தவறவிட்டான். அண்ணன் காயினைக் கிட்டே நகர்த்தப் போனார்.

“தொடாதண்ணா, அங்கயே இருக்கட்டும்” என்றான்.