"வீட்ல சும்மாதான் இருக்கேன்"

மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கறிஞராகக் குடும்ப வழக்குகளைப் பார்க்கத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. விவாகரத்துக்கு வரும் பெண்களிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: "வேலையெல்லாம் இல்ல மேடம், வீட்ல சும்மாதான் இருக்கேன்."

ஒரு பெண், "அவர் காசுல வாங்கின வீடு, எனக்கு என்ன இருக்கு?" என்றார். சரி, காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டேன். நாலரைக்கு. மூன்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, பள்ளிக்கு அனுப்பி, அப்புறம் வாரம் மூன்று நாள் மாமியாரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், முடியும்வரை வெளியே நாற்காலியில் காத்திருப்பார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டரைப் பக்கம் வந்தது. அத்தனைக்கும் அவர் வைத்திருந்த பெயர் 'சும்மா'.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 76-ஆவது பிரிவைப் பாருங்கள். மணவாழ்க்கையில் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது, வீட்டையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டதையும் பங்களிப்பாக நீதிமன்றம் எடைபோட வேண்டும். சட்டமே கணக்கில் எடுப்பதை நாம் ஏன் வாயாலேயே அழிக்க வேண்டும்?

ஒருமுறை சமரசப் பேச்சில் ஒரு கணவர், "இவ சும்மாதானே இருந்தா, நான்தான் சோறு போட்டேன்" என்றார். பக்கத்தில் இருந்த மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து இருவரும் கேட்டு வளர்ந்த பேச்சு அது. "வீட்டு வேலையில அவளுக்கு ஹெல்ப் பண்றேன்" என்று பெருமையாகச் சொல்லும் நல்ல கணவர்களும் அதே மாதிரி வீட்டில் வளர்ந்தவர்கள்தான்.

'வாழாவெட்டி' இன்னும் கொடுமை. மனைவியைப் பிரிந்த ஆணுக்கு இப்படியொரு பட்டத்தை நான் கேட்டதே இல்லை. அந்தப் பேருக்குப் பயந்து அடியைப் பொறுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1994-இலேயே குடும்ப வன்முறைக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. 15999 என்ற 'தாலியான் காசே' அரசு உதவி எண்ணை அழைக்கலாம். "பிள்ளை அப்பனுக்குத்தான்" என்று மிரட்டினாலும் பயப்படாதீர்கள். 1999-இல் திருத்திய சட்டப்படி பாதுகாவலர் உரிமையில் தாயும் தந்தையும் சமம்.

வழக்கறிஞரைப் பார்க்க வரும்போது பிள்ளைகளின் கிளினிக் அட்டை, நீங்கள் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் கார்டு, மளிகைக் கணக்கு எழுதிய நோட்டு எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். அந்தப் பெண் மறுநாள் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். மாமியாரின் டயாலிசிஸ் அட்டைகள், தேதிவாரியாக, ஒன்றுவிடாமல் இருந்தன.