எஸ்.எஸ்.பி. தேர்வு: அந்த ஐந்து நாளில் எதை அளக்கிறார்கள்?

முப்படைகளில் அதிகாரியாகச் சேர யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி), சிடிஎஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) எழுத்துத் தேர்வுகளில் தேறியவர்களுக்கு அடுத்த படி சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு, சுருக்கமாக எஸ்.எஸ்.பி. பேச்சுவழக்கில் 'இன்டர்வியூ' என்று சொன்னாலும், அரை மணி நேரம் பேசிவிட்டு வருகிற சமாச்சாரம் இல்லை. ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். என்டிஏவில் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், இதற்கும் 900. பறங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓடிஏவுக்கு சிடிஎஸ் வழியாகப் போகிறவர்களுக்கு எழுத்துத் தேர்வுக்கு 200, இதற்கும் 200.

முதல் நாளே ஒரு வடிகட்டல். பகுத்தறியும் திறனுக்கு ஒரு தேர்வு. அப்புறம் தெளிவில்லாத ஒரு படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள்; பிறகு குழுவாகப் பேசி ஒரே கதைக்கு வர வேண்டும். தேறாதவர்கள் அன்றைக்கே ஊர் திரும்பலாம்.

மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் உளவியலாளரின் வேலை. டிஏடி (தீமேட்டிக் அப்பர்செப்ஷன் டெஸ்ட்) என்ற, படம் பார்த்துக் கதை எழுதும் தேர்வில் 11 படங்கள், கடைசியாக ஒரு வெற்றுத் திரை. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடத்தில் ஒரு கதை. 1930களில் ஹார்வர்டில் உருவான முறை இது: தெளிவில்லாத காட்சிக்குக் கதை கட்டுகிறவர், தன்னை அறியாமல் தன் மனத்தையே எழுதிவிடுவார் என்பது கணக்கு. அடுத்து 60 சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் 15 விநாடியில் மனதில் பட்டதை எழுத வேண்டும். அதன் பிறகு 60 இக்கட்டான சூழ்நிலைகள்; ஒவ்வொன்றிலும் என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும், மொத்தம் 30 நிமிடம். கடைசியில், பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று 15 நிமிடத்தில் எழுதித் தர வேண்டும்.

நேரம் இவ்வளவு குறைவாக இருப்பது வேண்டுமென்றே. யோசித்துப் பூச்சுப் பூச இடம் கொடுப்பதில்லை. ரயிலில் பர்ஸ் திருடு போனால் திருடனைத் துரத்திப் பிடித்து, போலீசில் ஒப்படைத்து, அதே ரயிலில் ஏறித் தேர்வுக்கும் போனதாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி மையத்து விடை என்பது படிக்கும்போதே தெரியும்.

இதே ஆளை இன்னும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். மைதானத்தில் ஜிடிஓ என்ற குழுத் தேர்வு அதிகாரி, பலகையும் கயிறும் கொடுத்து ஒரு குழுவைத் தடைகளைத் தாண்டச் சொல்வார். யார் யோசனை சொல்கிறார், யார் அடுத்தவர் யோசனையைக் காது கொடுத்துக் கேட்கிறார், யார் சும்மா கத்துகிறார் என்பதெல்லாம் அவர் குறிப்பில் ஏறும். நேர்காணல் அதிகாரி, நீங்கள் நிரப்பிக் கொடுத்த விவரப் படிவத்தை வைத்தே துருவுவார். மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒத்துப்போகிறதா என்பதுதான் பரீட்சை. எழுத்தில் வீரராகவும் மைதானத்தில் ஒதுங்கி நிற்பவராகவும் இருந்தால் அங்கே இடிக்கும். என்னைக் கேட்டால், மனப்பாடம் செய்து போவதைவிட ஒன்றும் செய்யாமல் போவது மேல்.

தேடுவது 15 குணங்கள். பொறுப்புணர்வு, முன்முயற்சி, சட்டென்று முடிவெடுப்பது, ஒத்துழைப்பு, துணிவு, குழுவைத் தன் பக்கம் இழுக்கும் திறன் என்று பட்டியல் போகும். இப்போதே முழுமையாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சியால் வளர்க்க முடியுமா என்றும் பார்க்கிறார்கள். தனித்தனித் தேர்வுகளுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. மூன்று மதிப்பீட்டாளர்களும் மொத்தமாகப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள்; கடைசி நாள் கான்ஃபரன்சில் எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கும் சம எடை உண்டு.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய விதிகள் சில. ஒரு வகை கமிஷனுக்கு, அதாவது நிரந்தர அல்லது குறுகிய கால அதிகாரிப் பணிக்கு, முதல் முறை போகிறவருக்கு ஏசி மூன்றடுக்கு ரயில் கட்டணம் அல்லது பேருந்துக் கட்டணம் போக வர கிடைக்கும். அதே வகைக்கு மறுபடி போனால் கிடைக்காது. ஆகவே முதல் பயணத்து டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். தேர்வின்போது அடிபட்டால் இழப்பீடு கேட்க முடியாது. அதற்கு ஒப்புதல் கையெழுத்தும் வாங்குவார்கள். வயது வரம்புக்குள் இருக்கும்வரை, ஒருமுறை தேறவில்லை என்பதற்காக அடுத்த முறை கதவு மூடாது. விமானி ஆகிறவர்களுக்கான கணினித் தேர்வு மட்டும் விதிவிலக்கு: அதில் ஒருமுறை தவறினால் பிறகு எப்போதும் விமானிப் பிரிவுக்கு முயல முடியாது.