இரண்டு நாட்டில் வேலை பார்த்த கணவன் மனைவிக்குப் பென்ஷன் எப்படிக் கணக்காகும்?

கேரளத்தில் பாலக்காடு மாவட்ட எல்லையோரம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு வீட்டின் வேலைக் கணக்கைக் கேட்டால் மூன்று நான்கு ஊர்ப் பெயர் வரும். கணவர் கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் இருந்துவிட்டு துபாய் போயிருப்பார். மனைவி கோயம்புத்தூரில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது ஜெர்மனியில் இருப்பார். பென்ஷன் பேச்சு வந்தால், "ரெண்டு பேர் சர்வீஸையும் சேர்த்தா பத்து வருஷம் தாண்டிடுமே" என்பார்கள். அப்படிச் சேர்க்க எந்த நாட்டுச் சட்டத்திலும் இடமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் வருஷம் அவரவர் பெயரில்தான். ஆனால் ஒரே ஆள் இரண்டு நாட்டில் பார்த்த வருஷங்களைச் சேர்க்கலாம். அதற்கு இரண்டு அரசுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

இந்தியா இப்படி ஓர் ஒப்பந்தத்தை முதலில் நடைமுறைப்படுத்தியது பெல்ஜியத்தோடு, 2009-இல். பிறகு பிரான்ஸ், நெதர்லாந்து, தென் கொரியா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பட்டியல் நீண்டது. ஜெர்மனியோடு முழு ஒப்பந்தம் 2017 மே மாதம் அமலுக்கு வந்தது. வளைகுடா நாடுகள் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூரும் அமெரிக்காவும் இல்லை. நம் ஊர்க்காரர்கள் அதிகம் போன இடங்களே விட்டுப்போயிருக்கின்றன என்பது எரிச்சல்தான்.

முதலில் இந்தியக் கணக்கு. பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் இருந்தால் முதலாளி கட்டும் பங்கிலிருந்து 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்துக்குப் போகும். சம்பள வரம்பு 15,000 ரூபாய் என்பதால் சாதாரணமாக மாதம் 1,250-க்கு மேல் போகாது. 10 வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் பென்ஷன். சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதத் தொகை. 15,000 சம்பளம், 12 வருஷம் என்றால் சுமார் 2,571 ரூபாய். குறைவுதான், ஆனால் ஆயுள் முழுக்க வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் சம்பளத்தில் புதிதாக பி.எஃப்.பில் சேர்ந்தவர்களுக்குப் பென்ஷன் கணக்கே கிடையாது, எல்லாம் பி.எஃப்.பிலேயே போய்விடும். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி பூஜ்யமாக இருந்தால் நீங்கள் அந்த வகை. அதே போல, கஞ்சிக்கோட்டில் ஒரு பி.எஃப். நம்பர், கோவையில் இன்னொன்று என்று கிடந்தால், வெளிநாட்டு வருஷத்தைப் பற்றி யோசிக்கும் முன் அவற்றை ஒரே யு.ஏ.என். (ஒருவருக்கு ஒன்றே ஒன்று தரும் பொது பி.எஃப். எண்) கீழ் மாற்றிச் சேர்த்துவிடுங்கள். மாநிலம் வேறு என்பது இதற்குத் தடை இல்லை. 2025 ஜனவரியிலிருந்து நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் வாங்கிக்கொள்ளலாம். கேரளத்தில் வேலை பார்த்தவர் பொள்ளாச்சியில் குடியேறினால் பென்ஷன் ஆணையை அலுவலகம் விட்டு அலுவலகம் மாற்ற அலைந்த காலம் முடிந்தது.

சரி, ஜெர்மனி. ஒரு நர்ஸ் கோவையில் 7 வருஷம், ஜெர்மனியில் 4 வருஷம் வேலை பார்த்துத் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் கேட்பது 10 வருஷம், அவரிடம் 7. ஜெர்மனியில் கேட்பது 60 மாதம், அவரிடம் 48. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு இடத்திலும் கை விரிப்பார்கள். ஒப்பந்தப்படி சேர்த்தால் 11 வருஷம், அதாவது 132 மாதம். இரண்டு பக்கமும் தகுதி வந்துவிடும். பணம் மட்டும் ஒன்றாகாது. இந்தியா தன் 7 வருஷத்துக்குக் கொடுக்கும்: 15,000 சம்பளக் கணக்கில் மாதம் 1,500. ஜெர்மனி தன் 4 வருஷத்துக்கு யூரோவில் கொடுக்கும். அங்கே சம்பளத்தில் 18.6 சதவீதம் பென்ஷனுக்குப் பிடித்தம், வேலை பார்ப்பவரும் முதலாளியும் பாதிப் பாதி. அதனால் அந்த 4 வருஷம் இந்த 7 வருஷத்தைவிட நிறையவே கொடுக்கும். ஆனால் 1964-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அங்கே வயது 67. ஒன்று 58-இல் தொடங்கும், மற்றது 9 வருஷம் கழித்து வரும்.

இந்த உரிமையை நாமே தொலைப்பது இரண்டு இடங்களில். வெளிநாடு கிளம்பும்போது பி.எஃப். அலுவலகத்தின் 10-சி படிவத்தில் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுத்துவிடுவது ஒன்று. டிக்கெட் செலவுக்கு ஆகும் என்று செய்கிறார்கள்; அந்த வருஷங்கள் போனவைதான். அதே படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கினால் சர்வீஸ் உயிரோடு இருக்கும். இன்னொன்று, ஜெர்மனியிலிருந்து திரும்பிய பிறகு கட்டியதைத் திருப்பிக் கேட்பது. திருப்பித் தருவது நம் பாதியை மட்டும். முதலாளி கட்டிய பாதி வராது, அங்கிருந்த காப்பீட்டுக் காலமும் மொத்தமாக அழிந்துவிடும். அவசரக் கடன் ஏதும் கழுத்தை நெரிக்காவிட்டால் நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அப்புறம், இந்தியக் கம்பெனியே அனுப்பி வைத்தவர்கள் இங்கேயே பி.எஃப். கட்டிக்கொண்டு, அதைக் காட்டும் சான்றிதழோடு போயிருப்பார்கள். அவர்களுக்கு அங்கே பென்ஷன் வருஷம் சேராது.

கணவரின் துபாய் வருஷங்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி உண்டு: முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாள். அவர் கேரளக்காரராக இருந்தால், வெளியூர் போய் வேலை பார்ப்பவர்களுக்காகக் கேரள அரசு நடத்தும் பிரவாசி நல வாரியம் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசினாலும் கேரளத்தவர் என்றால் சேரலாம். அதே தெருக்கோடியில் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பவருக்கு இது கிடையாது. 60 வயதுக்குள் சேர வேண்டும், குறைந்தது 5 வருஷம் கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் மாற்றிய கணக்குப்படி வெளிநாட்டில் இருக்கும்போது மாதம் 350 ரூபாய், திரும்பி வந்தவர்களுக்கு 200. பென்ஷன் முறையே குறைந்தது 3,500, 3,000. இருவரும் வெளிநாட்டில் இருந்தால் இருவரும் தனித்தனியாகச் சேரலாம்.

பிரிட்டனில் 10 வருஷம் கட்டியிருந்தால்தான் எதுவும் வரும், முழுத் தொகைக்கு 35 வருஷம். இந்திய வருஷம் அங்கே சேராது. இந்தியாவில் வந்து வசித்தால் வருடாந்தர உயர்வும் கிடையாது. வாங்கத் தொடங்கிய தொகையிலேயே நின்றுவிடும்.

கணவன் மனைவி என்ற உறவு உண்மையில் கணக்குக்கு வருவது ஒருவர் இறந்த பிறகு. இந்தியத் திட்டத்தில் பென்ஷனர் வாங்கியதில் பாதி துணைக்கு, குறைந்தது 1,000 ரூபாய். மனைவி இறந்தால் கணவருக்கும் இதே விதி. வேலையில் இருக்கும்போதே இறந்தால் ஒரு மாதம் கட்டியிருந்தாலும் போதும். ஜெர்மனியில் துணைக்குப் பொதுவாக 55 சதவீதம்; இளவயதினருக்கு 25 சதவீதம், அதுவும் 2 வருஷம்தான். கல்யாணம் ஆகிக் குறைந்தது ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். துணையின் சொந்த வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் அதில் வெட்டு விழும். மறுமணம் செய்தால் இரண்டு நாட்டிலும் நின்றுவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் பெயர் சிக்கல் கழுத்தைப் பிடிக்கும். பி.எஃப்.பில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, ஜெர்மன் ஆவணத்தில் அந்த அப்பா பெயரே முதன்மைப் பெயராக, கேரள ரேஷன் கார்டில் மலையாளத்தில் இன்னொரு மாதிரி. ஒருவர் உயிரோடு இருக்கும்போது திருத்துவது எளிது. யு.ஏ.என்.னில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வையுங்கள். துணையின் பெயரைக் குடும்ப விவரத்தில் சேருங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ் இல்லாதவர்கள் இப்போதே வாங்கிவிடுங்கள். ஜெர்மன் காப்பீட்டு எண் உள்ள கடிதத்தையும் அங்கே வாங்கிய சம்பளச் சீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். இந்தியாவில் வசிப்பவர் ஜெர்மன் பென்ஷனுக்கு அங்கே போக வேண்டியதில்லை, ஒப்பந்தப்படி பி.எஃப். அலுவலகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பென்ஷன் தொடங்கிய பிறகு இந்தியாவுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று என வருஷத்துக்கு இரண்டு ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும்.