இருமல் வராத புகை

முதல் சிகரெட்டை இழுத்த எவரிடமாவது கேட்டுப் பாருங்கள். தொண்டை எரிந்து, கண்ணில் நீர் முட்டி, நெஞ்சு நோக இருமியதைத்தான் சொல்வார்கள். அந்த இருமல் உடம்பு வைத்திருக்கும் காவல்காரன். அதற்குப் பயந்தே அன்றோடு விட்டவர்கள் உண்டு. 2015-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜூல் என்ற மின்சிகரெட், அந்தக் காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டது. 2019-இல் அங்கே நடந்த தேசியக் கணக்கெடுப்பில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் முந்தைய 30 நாட்களுக்குள் ஏதாவது ஒரு மின்சிகரெட்டை இழுத்திருந்தார்கள்.

பார்த்தால் பென் டிரைவ் மாதிரி இருக்கும். லேப்டாப்பில் செருகியே சார்ஜ் ஏற்றலாம். உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சென்சார், சின்னக் கம்பிச்சுருள், திரவத்தில் ஊறிய திரி. வாயில் வைத்து உறிஞ்சியதும் சென்சார் விழித்துக்கொள்ளும், சுருள் சூடாகும், திரவம் ஆவியாகி உடனே குளிர்ந்து நுண்துளிகளாக வாய்க்குள் வரும். ‘வெறும் நீராவிதானே’ என்று பிள்ளைகள் சொல்வது சரியல்ல. திரவத்தில் பெரும்பங்கு புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னதை மேடையில் புகை விடும் மெஷின்களிலும் ஊற்றுகிறார்கள். சூடு மிஞ்சினால் இவை சிதைந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகும். சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் கொஞ்சம் கூடவே வரும்.

சரி, இருமல் எங்கே போனது?

புகையிலையில் இருக்கும் போதைப்பொருளான நிக்கோடின் ஒரு காரம். தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள், இங்கே இரண்டும் பொருந்தும். வேதியியல்படியும் காரம் (அமிலத்துக்கு எதிரானது), தொண்டையில் பட்டாலும் காரம். வெற்றிலை போடும் பெரியவர்கள் புகையிலையோடு சுண்ணாம்பு சேர்ப்பார்களே, அதிலும் இந்தக் கணக்குதான். சுண்ணாம்பு, புகையிலையில் உப்பாக இருக்கும் நிக்கோடினைத் தனியே பிரித்துவிடும். பிரிந்த நிக்கோடின் கன்னத்தின் உட்புறம் வழியாகச் சட்டென்று ரத்தத்தில் ஏறும். ஜூல் இதைத் தலைகீழாகச் செய்தது. பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிக்கோடினை உப்பாக்கியது. (சாஸ் பாட்டில் லேபிளில் வரும் சோடியம் பென்சோவேட்டுக்கு இது நெருங்கிய உறவு.) காரம் அடங்கிவிட்டதால் அளவைத் தாராளமாக ஏற்ற முடிந்தது. 0.7 மில்லி திரவம் கொண்ட ஒரு குப்பியில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான நிக்கோடின் இருப்பதாக நிறுவனமே சொன்னது. அதையும் மாம்பழ வாசனையில் கொடுத்தால் பதினைந்து வயதுக்கு எப்படித் தெரியும், தான் எவ்வளவு இழுக்கிறோம் என்று?

நுரையீரலில் இறங்கிய நிக்கோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினுக்கான ஏற்பிகளில் உட்கார்ந்துகொண்டு, இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைனைச் சுரக்க வைக்கும். தினமும் இப்படி நடந்தால் மூளை ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாகப் பதியும்.

ரத்தத்தில் இருக்கும் நிக்கோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பள்ளிக்குக் கிளம்பும்முன் இழுத்த பையனுக்கு மூன்றாவது பீரியடில் எரிச்சல் தொடங்குகிறது, கணக்கு மண்டையில் ஏற மறுக்கிறது. பாத்ரூம் போகக் கை தூக்குகிறான். இரண்டு இழுப்பில் மனம் தெளிகிறது. ‘டென்ஷனுக்கு நல்லது’ என்று மனதாரச் சொல்வான், பொய்யில்லை. அந்த டென்ஷனைக் கொண்டுவந்ததே காலையில் இழுத்ததுதான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

இந்தியா 2019-லேயே சட்டம் போட்டு விற்பனையைத் தடுத்துவிட்டது. அமெரிக்காவில் 2024 கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி அளவு 7.8 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அங்கே பல பள்ளிகளின் கழிப்பறைக் கூரையில் இப்போது தனி சென்சார்கள் இருக்கின்றன. காற்றில் மிதக்கும் நுண்துளிகளையும் ரசாயன ஆவியையும் அவை அளக்கும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சட்டைக் கைக்குள் ஊதிப் பார்க்கிறார்கள். சென்சாரிலும் குறை உண்டு: ஒன்றுமறியாத ஒருவன் விளையாட்டுப் பீரியட் முடிந்து அக்குளில் பாடி ஸ்பிரே அடித்தாலும் சில சமயம் அலாரம் அலறும்.