தூணில் எழுதிய எண் உங்கள் பார்க்கிங் ஆகாது

புது அடுக்குமாடிக்குக் குடிபோன மூன்றாவது வாரம் தெரிந்த அக்கா ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். தரைத்தளத்தில் ஒரு தூண், அதில் மஞ்சள் பெயின்டில் 27 என்று எழுதியிருந்தது. அதற்கும் அடுத்த தூணுக்கும் நடுவே அவருடைய கார். ஓட்டுநர் பக்கத்துக் கதவு ஒரு சாண்தான் திறக்கும். மறுபக்கத்துக் கதவு வழியாக ஏறி, கியரைத் தாண்டி நகர்ந்துதான் தினமும் வண்டியை எடுக்கிறார். அந்த இடத்துக்கென்று தனியாகப் பணமும் கட்டியிருந்தார். டேப் வைத்து அளக்கச் சொன்னேன். இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் வந்தது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி ஒரு கார் இடம் என்றால் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடத்தில் அப்படி ஓர் இடமே இல்லை என்பது இரண்டு மாதம் அலைந்த பிறகுதான் தெரிந்தது. அது வண்டிகள் திரும்புவதற்காக விட்ட பாதை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, திறந்தவெளி பார்க்கிங்கைப் பொது இடம் என்கிறது. பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது. கூரையும் மூன்று பக்கம் சுவரும் இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் அது 'கராஜ்'. கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு அந்தச் சுவர்கள் கிடையாது. ஸ்டில்ட் இடத்தைப் பில்டர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் ஒரு மகாராஷ்டிர வழக்கில் தீர்ப்பளித்தது. அதனால் இப்போது 'விற்பனை' என்று யாரும் எழுதுவதில்லை. 'ஒதுக்கீடு', 'வசதிக் கட்டணம்' என்று எழுதுகிறார்கள். வாங்கும் பணம் மட்டும் குறையவில்லை.

சிக்கல் தொடங்குவது காகிதத்தில்தான். உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், சொத்து விவரத்துக்குக் கீழே, 'ஒரு கார் நிறுத்தும் வசதியுடன்' என்று ஒரே வரி இருக்கும். எண் இருக்காது, அளவு இருக்காது, வரைபடமும் இருக்காது. எண் தனியாக பில்டரின் லெட்டர்ஹெட்டில் வரும். அந்தக் கடிதத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஒரே எண்ணை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே எண், அளவு, வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறித்த ஒரு நகல் மூன்றும் பதிவு செய்யும் ஒப்பந்தத்தோடு சேர வேண்டும் என்று கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. உங்கள் கை ஓங்கியிருக்கும் நேரம் அது ஒன்றுதான். அதைத் தாண்டிவிட்டால் கெஞ்ச வேண்டியதுதான். பார்க்கிங்குக்கு மட்டும் ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். ரசீது இல்லாத பணத்தை எந்த அலுவலகத்திலும் நிரூபிக்க முடியாது.

அடுத்தது சாவி வாங்கும் நாள். வீடு கிடைத்த சந்தோஷத்தில் இருப்பீர்கள். நாலைந்து தாள் நீட்டி இங்கே, இங்கே என்று கையெழுத்து கேட்பார்கள். அதில் ஒன்றில் 'பார்க்கிங் உட்பட எல்லா வசதிகளும் திருப்திகரமாக ஒப்படைக்கப்பட்டன' என்று இருக்கும். இன்னொன்றில் வரைபட மாற்றத்துக்குச் சம்மதம் இருக்கும். பொது இடத்தில் மாற்றம் செய்ய வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துச் சம்மதம் சட்டப்படி வேண்டும். அந்தச் சம்மதத்தை இப்படித்தான் சேர்க்கிறார்கள். படிக்காமல் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், 'பார்க்கிங் எண்ணும் அளவும் இன்னும் சரிபார்க்கவில்லை' என்று உங்கள் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது. முதலில், அந்தச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் ஆர்டிஐ மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு. சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர் என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). உள்ளாட்சியே அனுமதி கொடுத்த கட்டடம் என்றால் அந்த உள்ளாட்சி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் போதும். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்றெல்லாம் கேட்டால் இது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 'அனுமதி பெற்ற தரைத்தள வரைபடத்தின் நகல்' என்று மட்டும் கேளுங்கள். பில்டரின் வரைபடம் மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்கக்கூடும். அதனால் முதலிலேயே உங்கள் பத்திர நகலை இணைத்து, ரெரா சட்டம் 19ஆம் பிரிவின்படி வரைபடத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று ஒரு வரி எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், காத்திருக்காதீர்கள்.

வரைபடம் கையில் வந்ததும் அதில் உள்ள பார்க்கிங் கட்டங்களை எண்ணுங்கள். அப்புறம் கீழே போய்த் தூண்களில் உள்ள எண்களை எண்ணுங்கள். அந்த அக்காவின் கட்டடத்தில் வரைபடத்தில் 31, தூண்களில் 38. கூடுதலாக வந்த ஏழும் விருந்தினர் இடத்திலும், திரும்பும் பாதையிலும், தீயணைப்பு வண்டி வர விட்ட வழியிலும் இருந்தன. ஏழு குடும்பங்கள் பணம் கொடுத்து வாங்கியது இதைத்தான். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் இடம் என்று விதியில் இல்லை. வீட்டின் பரப்பளவை வைத்துத்தான் கணக்கு, சின்ன வீடுகளுக்கு அது குறைவு. 'எல்லாருக்கும் பார்க்கிங் உண்டு' என்று விற்பனையாளர் வாயால் சொன்னது கணக்கில் வராது. விளம்பரத் தாளில் அச்சாகியிருந்தால் வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இனி அலைச்சல். வீட்டு உரிமையாளர் சங்கத்தில் கேட்டால் பில்டரிடம் போங்கள் என்பார்கள். பில்டர், சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டேன் என்பார். திட்ட அனுமதி அலுவலகத்தில், வரைபடம்தான் எங்கள் வேலை, யாருக்கு எந்த இடம் என்பது இல்லை என்பார்கள். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம். ஒவ்வொருவரும் தன் அளவில் பாதி உண்மை சொல்வதால்தான் மனிதர்கள் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். நீங்கள் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். பாதையிலும் விருந்தினர் இடத்திலும் எண் எழுதியிருந்தால் அது வரைபட மீறல், அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு இடம் தரவில்லை, குறைத்துத் தந்தார் என்றால் ரெரா. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் இடத்தில் வண்டியை விடுகிறார் என்றால் சங்கம், அதுவும் எழுத்தில்.

ரெராவில் இரண்டு படிவங்கள். பில்டருக்கு உத்தரவு போட வேண்டும், பணத்தைத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும் என்றால் 'எம்' (M) படிவம். நஷ்ட ஈடு மட்டும் வேண்டும் என்றால் 'என்' (N) படிவம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதி, மாதங்கள் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களைத் தெரியும். சங்கமும் புகார் கொடுக்கலாம். ஏழு பேர் தனித்தனியாக ஓடுவதைவிட அது நல்லது. ஆனால் சங்கத்தின் பொறுப்பாளர்கள் பில்டருக்கு வேண்டியவர்களாக இருந்தால் அந்தத் தீர்மானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், தனியாகவே கொடுங்கள்.

மனை 500 சதுர மீட்டருக்குள், அல்லது வீடுகள் எட்டுக்குள் என்றால் ரெராவில் பதிவே தேவையில்லை. நெருக்கியடித்துக் கட்டும் ஆறு வீட்டுக் கட்டடங்கள் பெரும்பாலும் இப்படித் தப்பிவிடுகின்றன. அங்கே வீடு வாங்கியவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. 'அடுத்த மாதம் சரிசெய்கிறேன்' என்று பில்டர் போனில் சொல்லிக்கொண்டே இருப்பது இந்த இரண்டு ஆண்டைக் கடத்தத்தான். அவர் போனில் சொன்னதை அன்று இரவே மின்னஞ்சலாக அவருக்கே எழுதி அனுப்பிவிடுங்கள்.